யாருடைய கைக்கு அளவெடுத்தது?

ஒஹையோவில் நான் குடியிருந்த தெருவில், அடுத்த வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி தனியாக இருந்தார். கணவர் இறந்த குளிர்காலத்தில் மகன் வந்து ஒரு ரிவால்வரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னது, எடை குறைந்தது, வயதான பெண்களுக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குண்டு போடாத துப்பாக்கியின் விசையை இரண்டு கையாலும் இழுத்தார், அசையவில்லை. மூட்டுவாதத்தில் வளைந்த விரல்கள். “என் கைதான் சரியில்லை” என்றார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக அண்டா தூக்கிய கை அது. அந்தக் கையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1887-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சட்டைப்பையில் சிக்காத ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். பிடியின் பின்புறத் தகட்டை உள்ளங்கையால் இறுக்கி அழுத்தினால்தான் சுடும். அதனால் அதற்கு ‘எலுமிச்சை பிழிவான்’ என்று பட்டப்பெயர். குழந்தையின் கைக்கு அது வெடிக்காது என்பது நிறுவனம் பெருமையோடு சொன்ன விஷயம். நல்ல எண்ணம்தான். ஆனால் குழந்தையின் பலத்தைக் கணக்கிட்டவர்கள், அதே வீட்டில் இருக்கும் பாட்டியின் பலத்தைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. இன்றும் இத்தகைய சிறிய ரிவால்வரின் விசையை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ விசை வேண்டும். சுத்தியல் வெளியே இருந்தால் அதைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்து வேலையைக் குறைக்கலாம். மறைந்திருந்தால் அந்த வழியும் இல்லை.

எடை குறைவு என்பதும் ஏமாற்றும் சொல். குண்டு புறப்படும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. கனமான துப்பாக்கி அந்த உதையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது, லேசானது முழுவதையும் மணிக்கட்டுக்கு அனுப்புகிறது. பையில் வைக்கச் சுலபமானது சுடக் கடினமானது. கடையில் பெண்களிடம் நீட்டப்படுவது பெரும்பாலும் இந்த லேசான வகைதான்.

1902-இல் அதே நிறுவனம் ‘லேடிஸ்மித்’ என்ற பெயரில் ஏழு குண்டு கொள்ளும் .22 ரிவால்வரை விற்றது. 1921-இல் நிறுத்தியது. பாலியல் தொழிலாளர்கள் அதை வாங்குவதை அறிந்து நிறுவனர் டேனியல் வெஸ்ஸன் கோபத்தில் நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அவர் 1906-லேயே இறந்துவிட்டார். செத்தவரைக் கூட ஒழுக்கக் காவலராக நிறுத்தினால்தான் கதை ருசிக்கிறது போலும். 1989-இல் அந்தப் பெயர் மறுபடி வந்தது, தனியாக வாழும், வேலைக்குப் போகும் பெண்ணை நோக்கி. சுலபமாக இழுக்கக்கூடிய ஸ்லைடு கொண்ட ‘ஷீல்டு ஈஸி’ பிஸ்டலை அவர்கள் கொண்டுவர 2018 ஆகிவிட்டது. அதிலும் பிடியை இறுக்கினால்தான் சுடும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த விளம்பரங்கள் எப்போதும் வாசலுக்கு வெளியே காட்டுகின்றன. 1993-இல் ஆர்தர் கெல்லர்மனும் சக ஆய்வாளர்களும் மூன்று அமெரிக்க மாவட்டங்களில் வீட்டுக்குள் நடந்த கொலைகளை ஆராய்ந்தார்கள். துப்பாக்கி இருந்த வீட்டில் கொலை அபாயம் 2.7 மடங்கு. அந்தக் கூடுதல் அபாயம் கிட்டத்தட்ட முழுவதும் குடும்பத்தினராலும் நெருக்கமானவர்களாலும் வந்தது. அமெரிக்கத் தற்கொலைகளில் பாதிக்கு மேல் துப்பாக்கியால் நிகழ்கின்றன. துணையை இழந்த ஒருவரின் படுக்கையருகே துப்பாக்கியை வைக்கும் பிள்ளைகள் இதை யோசிப்பதில்லை.

இதையெல்லாம் எழுதும்போது டாலி ரெய்ன்ஸ் குறுக்கே வந்து நிற்கிறார். ஜார்ஜியாவின் லீ கவுன்டியில் வயதான கறுப்பினப் பெண் விவசாயி. ‘மாமா டாலி’ என்பார்கள், ‘மாமா’ அங்கே அம்மா. 1962-இல் வாக்குரிமைக்காக வந்த இளைஞர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அந்த வட்டாரத்தில் தேவாலயங்கள் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அகிம்சைப் பயிற்சி பெற்றிருந்த அந்தப் பிள்ளைகள் தூங்க, இவர் ஷாட்கன்னோடு காவல் இருந்தார். கனமான நீளத் துப்பாக்கி. ஆனால் அதைத் தாங்குவது தோள், விரல் அல்ல. யாரும் அவருக்குத் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. காவலுக்கு வரவேண்டிய ஷெரீஃப் அந்தப் பக்கத்து ஆள் என்பதும் தெரிந்திருந்தது. துப்பாக்கியே வேண்டாம் என்று எளிதாகச் சொல்ல என்னை விடாதவர் அவர்தான்.

அடுத்த வீட்டுப் பெண்மணியிடம் ஒருநாள் கேட்டேன், எதற்குப் பயம் என்று. திருடன் பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட, இரவில் மாடிப்படியில் விழுந்து காலைவரை யாருக்கும் தெரியாமல் கிடப்போமோ என்றுதான் என்றார். மகன் அதைக் கேட்டதே இல்லையாம், அவரும் சொன்னதில்லை. வசந்தத்தில் மகன் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ரிவால்வரை எடுத்துப் போனார். படியில் இரண்டாவது கைப்பிடிக் கம்பியும் பொருத்தினார். குண்டுகள் இருந்த அட்டைப்பெட்டியை மறந்துவிட்டார். நான் ஊர் மாறும்வரை அது சமையலறை இழுப்பறையில், ரப்பர் வளையங்களுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே கிடந்தது.