சும்மா போட்டதா? லேஸ் வேலையின் இருநூறு வருஷக் கணக்கு

காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற லேஸ் வட்டத்தைப் பின்னி நம்ம பெண்கள் விற்பனை மேசையில் வைத்தால், எடுத்துப் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சும்மா இருக்கிற நேரத்துல போட்டதாம்மா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். டாட்டிங்குக்குத் தேவை நூல், படகு மாதிரி ஒரு சின்ன நாடா, பத்து விரல். குறிஞ்சிப்பாடிப் பக்கம் லுங்கி நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு நாடா என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இது தறி நாடாவின் பேத்தி மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

நடுவில் ஒரு வளையம். மூணு மூணு இரட்டை முடிச்சுக்கு ஒரு சின்னக் காது என்று எட்டுக் காது வைத்தால் 24 முடிச்சு. அதுதான் முதல் சுற்று. இரண்டாவது சுற்றில், ஒவ்வொரு காதிலும் கோத்து எட்டுக் குட்டி வளையம், வளையத்துக்கு 8 முடிச்சு. வளையங்களுக்கு நடுவில் ஒரு வில்: 5 முடிச்சு, ஒரு காது, 5 முடிச்சு. மூன்றாவதில் வளையம் பதினாறாகும். அந்த எட்டுக் காதிலும் ஒவ்வொன்று, இடையிடையே தனியாக ஒவ்வொன்று. மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். ஆனால் கோலத்தில் புள்ளி தப்பினால் துடைத்துவிடலாம். டாட்டிங்கில் வளையத்தை இழுத்து மூடிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

வட்டம் தட்டையாகப் படுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6 செ.மீ.க்கு மேல் கூடியாக வேண்டும். வில்லில் முடிச்சு குறைந்தால் கிண்ணம் மாதிரி குழியும், கூடினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும். அவரவர் கை இறுக்கத்துக்குத் தக்கபடி ஒன்றிரண்டு மாற்றி, போட்டுப் பார்த்துத்தான் வடிவம் அமையும். முதல் இரண்டு சுற்றுக்கே 168 இரட்டை முடிச்சு, அதாவது 336 கை அசைவு. டம்ளர் உட்கார ஐந்தாறு சுற்று வேண்டும். சும்மா இருக்கிற நேரமா இது?

நம்ம பக்கத்தில் லேஸ், சும்மா இருந்தவர்களின் வேலையாகத் தொடங்கவே இல்லை. 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் 1821 வாக்கில் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது டாட்டிங் இல்லை. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிற வகை. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் கூலியைச் சேர்த்து வைத்து, எஜமானுக்குப் பணம் கட்டித் தங்களையே விடுவித்துக்கொண்டவர்கள் உண்டு என்று மிஷன் ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். சட்டம் வருவதற்கு முன்னால் கூலி வந்துவிட்டது!

இன்னொன்றும் நினைக்க வேண்டும். அதே சீமையில் அதே காலத்தில், நாடார் பெண்கள் தோளை மூடித் துணி போட்டதற்காக அடிபட்டார்கள். மேலாடை போட்டுக்கொள்ளலாம் என்ற அரச உத்தரவு 1859 வரை காத்திருந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னிக் கொடுத்த ஊர் அது. மிஷன்காரர்கள் செய்ததெல்லாம் தர்மம் என்று சொல்ல வரவில்லை. எது விற்கும், யாருக்கு விற்கும் என்பது பின்னியவர்கள் கையில் இல்லை. ஆனால் கூலி இவர்கள் கைக்கு வந்தது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கும் இந்த வேலையைக் கொண்டுபோனார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை ஊரே அறியும். அந்த வீட்டம்மாவின் லேஸை எத்தனை பேர் அறிவார்கள்?

ஆந்திராவில் நர்சாப்பூரில் கதை வேறு மாதிரி போனது. அங்கே கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷே லேஸ், வீட்டுக்கு வீடு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்து 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். நாள் முழுக்கப் பின்னுகிற பெண்களை ஊரும் வியாபாரியும் 'வீட்டில் இருக்கிறவர்கள்' என்றே சொன்னார்கள், அவர்களும் தங்களை அப்படியே சொல்லிக்கொண்டார்கள் என்று காட்டினார். வீட்டில் இருக்கிறவளுக்குக் கூலி எதற்கு, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும். லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று, அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2024-இல் நர்சாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும், முடிச்சுக் கூலியை யாராவது கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

கேட்டு வாங்குகிற இடம் நமக்கு எப்படி வந்தது? 1989-இல் தருமபுரியில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தென்னாற்காட்டுக்கும் வந்தது. அப்போது கடலூரும் விழுப்புரமும் ஒரே மாவட்டம், 1993-இல்தான் பிரிந்தன. சேமிப்பு நோட்டும் தீர்மானப் புத்தகமும் எழுதப் பழகினோம். லேஸுக்கும் அதே பழக்கம்தான் வேண்டும். நூல் விலை தனி, சுற்றுக்கு எத்தனை முடிச்சு, பின்ன எத்தனை மணி நேரம் என்று நோட்டில் ஏற வேண்டும். வடிவத்தை யார் அமைத்தார்களோ அவர் பெயரும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கடலூர்க்காரி வில்லில் 5 முடிச்சு போட்ட இடத்தில் சிதம்பரத்துக்காரி 6 போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அது அவளுடைய வடிவம்.

பின்னி முடித்ததும் நூல் முனையை ஊசியால் உள்ளே மறைத்து, வடித்த கஞ்சியில் லேசாக நனைத்து, துண்டின்மேல் குண்டூசி குத்திக் காயவையுங்கள். நாம் அட்டையில் விலை எழுதுகிறபோது, "மணி 3, சுற்று 6" என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டினால், சும்மா போட்டதா என்று கேட்கிறவர் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.