மடியில் குழந்தை: ஒரு சட்டத்தில் இருந்த ஓட்டை

காரில் குழந்தைக்கு தனி சீட் கட்டாயம்னு அமெரிக்காவுல முதல்ல சட்டம் போட்டது டென்னசி மாநிலம். 1978 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதுக்காக அலைஞ்சவர் ராபர்ட் சாண்டர்ஸ். குழந்தைகள் நல மருத்துவர், ஒரு கவுண்டியோட சுகாதார அதிகாரி. நம்மள மாதிரி அரசு டாக்டர்தான்!

ஆனா சட்டசபையில் ஒரு ஓட்டை போட்டுட்டாங்க. பெரியவங்க கையில் வச்சிருந்தா சீட் வேண்டாமாம்.

50 கி.மீ. வேகத்தில் கார் மோதினா, 10 கிலோ குழந்தை அந்த நொடியில் ஏறக்குறைய 200 கிலோ கனக்கும். யார் பிடிக்கிறது? பெல்ட் போடாத அம்மாவோட எடையும் குழந்தை மேலதான் விழும். அதனாலதான் சாண்டர்ஸ் அதுக்கு 'குழந்தையை நசுக்கும் திருத்தம்'னு பேர் வச்சார்.

அந்த ஓட்டையை அடைக்க 1981 ஆச்சு. 1985க்குள்ள எல்லா மாநிலத்திலும் குழந்தை சீட் சட்டம் வந்துடுச்சு.