தந்த வயலினும் ஜாஸ் மேடையும்

என் மகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்க இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை இங்கே பெர்லினில் இசைப்பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து வீடியோவில் ஒரு மாமி. அவர் நின்று வாசிக்கச் சொல்லி, தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டித் தருவார். மாமி தரையில் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் ஸ-ப-ஸ-ப என்று மாற்றச் சொல்வார். வாரம் இரண்டு தடவை திருகித் திருகி இதுவரை மூன்று தந்தி அறுந்தாயிற்று. "எதுப்பா சரி?" என்று போன மாதம் கேட்டாள். பதில் தெரியாத கேள்விக்கு நான் எப்போதும் செய்வதுதான்: சரித்திரத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

அந்தச் சரித்திரம் எங்கள் ஆரியசாலை பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது என்பது நானே எதிர்பார்க்காதது. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக அனந்தபுரிக்கு வருவார்கள். குமாரசுவாமிக்கு ஜாகை எங்கள் ஆரியசாலை கோவில். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்விடுவாள். 1956ல் பத்மநாபபுரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின், தெய்வங்களே வருஷா வருஷம் களியக்காவிளையில் மாநில எல்லை தாண்டித்தான் வந்து போகின்றன. நம்மைப் போலத்தான்.

அந்த மண்டபத்தில் ஒன்பது மாலை கச்சேரி. சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும். ஒவ்வொரு நாளுக்கும் ராகம் விதிக்கப்பட்டது. கை தட்டக்கூடாது. இவ்வளவு ஆசாரத்துக்கும் பின்னால் இருப்பவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அவர் அவையில் இருந்த தஞ்சாவூர் வடிவேலுவுக்கு 1834ல் ஒரு தந்த வயலினைப் பரிசளித்தார். வயலின் அப்போது வெள்ளைக்காரன் வாத்தியம். தெற்கே பாலுசுவாமி தீட்சிதரும் வடிவேலுவும்தான் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? பெட்டி அப்படியே இருந்தது. சுருதி கூட்டும் முறை மாறியது, கழுத்து தோளை விட்டு இறங்கிக் கணுக்காலில் வந்து உட்கார்ந்தது, விரல் வழுக்கக் கற்றுக்கொண்டது.

(கடல் கடந்து வந்த வாத்தியத்துக்கு இடம் கொடுத்த அதே மண்டபத்தில், ஒரு பெண் உட்கார்ந்து பாட 2006 வரை ஆயிற்று. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். ஊர்ப்பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.)

வடிவேலு செய்ததை மறுபக்கத்திலிருந்து செய்தவர் ஜான் மெக்லாலின். ஜாஸ் கிட்டார்க்காரர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழு. முதல் தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. அடுத்த வருஷம் மாண்ட்ரூ ஜாஸ் விழா. மெக்லாலினின் கிட்டாரைக் கவனியுங்கள்: கமகம் வருவதற்காகத் தந்திக்குக் கீழே மரத்தைக் குழித்திருக்கும், குறுக்கே அனுதாபத் தந்திகள் ஓடும். மேடையில் சப்பணம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

ஃப்யூஷன் என்ற பெயரில் நடப்பதில் பாதி எனக்குப் பிடிக்காது. ஒரு டிரம் செட், ஒரு மிருதங்கம், கடைசியில் பத்து நிமிஷம் சண்டை, எல்லாரும் எழுந்து கைதட்டல். யாரும் யாரிடமும் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். வாத்தியத்தையோ கையையோ மாற்றிக்கொண்டவர்களின் கச்சேரிதான் காதில் நிற்கிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டுக்கொண்டார். 1983ல் இதே பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை கமகத்துக்குப் பணிய வைக்க வருஷக்கணக்கில் பாடுபட்டார். 1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவரைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹாண்டி தானும் மேடையேறிச் சேர்ந்துகொண்டார். 1994ல் 'டூயட்' படத்தில் நாம் எல்லோரும் கேட்டது கத்ரியின் மூச்சைத்தான்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ருத்ரேஷ் மகந்தப்பா. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் கொலராடோவில் வளர்ந்த ஜாஸ் சாக்ஸபோன்காரர். இந்தியன் என்றால் இந்திய சங்கீதம் தெரிந்திருக்குமே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவருக்குத் தெரியாது. அண்ணன் கேலியாகக் கொடுத்த கத்ரியின் இசைத்தட்டுதான் வாசலைத் திறந்தது. பிறகு இந்தியா வந்து அவரிடமே கற்றார். 2008ல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்'. அதில் வயலின் ஏ. கன்யாகுமரி.

போன வாரம் மாண்ட்ரூ வீடியோவை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். சங்கரின் கையைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். "அந்த அங்கிளுக்குக் கால் மரத்துப்போகாதா?" என்று மெக்லாலினைக் காட்டிக் கேட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, தானாகவே வயலினை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, தந்தி ஜி-டி-ஏ-ஈயில் இருந்தது.

பழைய சாமான் கடையில் இன்னொரு வயலின் பார்த்து வைத்திருக்கிறேன். தந்திச் செலவாவது மிஞ்சும்.