1917: சென்னையில் எழுந்த பிரதிநிதித்துவக் கேள்வி

இந்திய விடுதலை வரலாற்றில் 1917 என்றதும் சம்பாரண் சத்தியாகிரகமே முதலில் பேசப்படுகிறது. அதே ஆண்டில் சென்னையில் நடந்தவையோ ஹோம் ரூல் இயக்கம், நீதிக்கட்சி, பெண்கள் இயக்கம் என மூன்று தனி வரலாறுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாசித்தால், அதிகாரம் கைமாறும்போது அது யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்வியைச் சென்னை அன்றே எழுப்பிவிட்டது புலப்படும்.

அடையாறும் மயிலாப்பூரும்

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரான அன்னி பெசன்ட், 1916 செப்டம்பரில் தன்னாட்சி கோரும் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். 1917 ஜூனில் ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபுவின் அரசு அவரையும் அவருடைய சகாக்களான அருண்டேல், பி.பி. வாடியா ஆகியோரையும் காவலில் வைத்தது. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது.

மயிலாப்பூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர், ஜூன் 24 அன்று அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கரான ஹாட்ச்னர் தம்பதியர் வழியே கொடுத்தனுப்பினார். தன்னாட்சிக்கு உறுதியளித்தால் மூன்றே மாதங்களில் 50 லட்சம் இந்தியர் முதல் உலகப் போரின் களத்துக்கு வருவர் என்றது கடிதம். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டிக்கப்பட்டபோது, 1918இல் அவர் தம் அரசுப் பட்டங்களைத் துறந்தார்.

தியாகராயர் அணி

நீதிக்கட்சித் தலைவர்களான பிட்டி தியாகராயரும் டி.எம். நாயரும் கேட்டது வேறு. 1912இல் மாகாணத்தின் 128 மாவட்ட முன்சீப்களில் 93 பேர் பிராமணர். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவீதமே. இந்நிலையில் தன்னாட்சி வந்தால் பிறருக்கு என்ன கிடைக்கும் என்று தியாகராயரும் நாயரும் கேட்டனர். 1917 பிப்ரவரி 26 அன்று நாயரை ஆசிரியராகக் கொண்டு 'ஜஸ்டிஸ்' நாளேடு வெளிவந்தது. காங்கிரசுக்குள்ளிருந்த பிராமணரல்லாதாரும் அவ்வாண்டே சென்னை மாகாண சங்கம் அமைத்து வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரினர். அச்சங்கத்தைச் சேர்ந்த திரு.வி.க. டிசம்பரில் 'தேசபக்தன்' நாளேட்டைத் தொடங்கினார்.

பெண்களின் மனு

ஆகஸ்ட் 20 அன்று, படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். பெசன்ட் செப்டம்பரில் விடுதலையாகி, ஆண்டிறுதியில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமையேற்றார். அப்பொறுப்பை வகித்த முதல் பெண் அவரே.

அதற்கு முன்பே, மே 8 அன்று, அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாகியிருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், பெண்கல்வி குறித்து, இந்தியா வரவிருந்த மாண்டேகுவிடம் மனு அளிக்க விரும்பினார். அரசியல் கோரிக்கையுடன் வருவோரையே அவர் சந்திப்பார் என்று தெரிந்ததும் வாக்குரிமையும் மனுவில் இடம்பெற்றது. டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் தூதுக்குழு சென்னையிலேயே அவரைச் சந்தித்தது.

விளைவுகள்

1920 தேர்தலில் வென்று நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. 1921இல் சென்னை சட்டமன்றம், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1920களில் உருவான தியாகராய நகரும், பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை ஆகியவையும் நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களைத் தாங்குகின்றன.

சொத்துத் தகுதி நீடித்ததால் ஏழைகளில் பெரும்பாலோர் 1950 வரை வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றனர். ஆயினும் ஆட்சியுரிமையையும் சமூக நீதியையும் பெண்ணுரிமையையும் ஒரே ஆண்டில் பொதுவிவாதமாக்கியது சென்னை. விடுதலையின் வரலாறு, அதில் பங்கு கேட்டவர்களின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும் என்பதற்கு 1917 வலுவான சான்று.