சந்தா ஏட்டைத் திருப்பிப் போடும் ஷெல் நிரல்: காலிக் கட்டம் நகராமல் பார்ப்பது எப்படி?

தோட்டத்து மரண சகாய நிதிச் சங்கங்களின் சந்தா ஏடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடது ஓரத்தில் உறுப்பினர் எண்ணும் பெயரும் இருக்கும். அவற்றுக்கு வலப்பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 கட்டங்கள். பணம் கட்டிய மாதத்தில் தொகை எழுதப்பட்டிருக்கும். கட்டாத மாதம் காலியாகக் கிடக்கும். பெரட்டுக்களத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோலும் இதே அமைப்புதான். அதில் மாதங்களுக்குப் பதில் தேதிகள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு அறிக்கை தயாரிக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. யார் கட்டினார் என்பது அல்ல, எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு மாதங்கள் கீழ்நோக்கி இறங்க வேண்டும், உறுப்பினர்கள் பக்கவாட்டில் போக வேண்டும். வரிகள் நெடுவரிசைகளாகவும் நெடுவரிசைகள் வரிகளாகவும் இடம் மாறும் இந்த வேலையைத் தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் 'நிரை நிரல் மாற்று' என்று சொல்கின்றன. பேச்சு வழக்கில் அட்டவணையைத் திருப்பிப் போடுவது.

ஒரே ஒரு கோப்பு என்றால் எக்செல்லே போதும். நகல் எடுத்து, சிறப்பு ஒட்டுதலில் டிரான்ஸ்போஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆனால், 20 ஆண்டுக் கணக்கு 20 கோப்புகளாக இருந்தால் கை வலிக்கும். ஒன்றிரண்டு விட்டும் போகும். எக்செல்லில் வேறொரு தொல்லையும் உண்டு. கமாவால் பிரிக்கப்பட்ட கோப்பை அப்படியே திறந்தால் 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். ஷெல் ஆணைகள் எதையும் எண்ணாக மாற்ற முயல்வதில்லை. கட்டத்தில் உள்ள எழுத்தை எழுத்தாகவே நகர்த்துகின்றன.

கருவிகள்

ஷெல் என்பது ஆணைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரை. லினக்ஸிலும் மெக்கிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸில் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். இங்கே ஒலிப்பின்படி தரப்பட்டுள்ள ஆணைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

யூனிக்ஸ் வழிவந்த கருவிகள் கோப்பை வரி வரியாகவே படிக்கின்றன. தேடுவதும் வரிசைப்படுத்துவதும் எண்ணுவதும் வரிக்கணக்கில்தான். எனவே ஒரு நெடுவரிசையை அவற்றின் கையில் கொடுக்க வேண்டுமானால் முதலில் அதை வரியாக்க வேண்டும்.

எளிய வழி இரண்டு ஆணைகளைச் சேர்ப்பது. 'கட்' என்ற ஆணை கோப்பிலிருந்து ஒரு நெடுவரிசையை மட்டும் வெட்டி எடுக்கும். மைனஸ் எஃப் 3 என்று கொடுத்தால் மூன்றாம் நெடுவரிசை. 'பேஸ்ட்' ஆணைக்கு மைனஸ் எஸ் கொடுத்தால், கீழ்நோக்கி இருக்கும் வரிகளை எல்லாம் டேப் வைத்து ஒரே வரியாக ஒட்டும். முதலாவதன் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக இரண்டாவதற்கு அனுப்பினால் மூன்றாம் நெடுவரிசை ஒரு வரியாகிவிடும். சந்தா ஏட்டில் எண், பெயர், 12 மாதம் என மொத்தம் 14 நெடுவரிசைகள். 1 முதல் 14 வரை எண்ணும் 'ஃபார்' சுற்றுக்குள் இந்த இணையை வைத்தால் முழு அட்டவணையும் திரும்பிவிடும். மெக்கில் பேஸ்ட்டுக்குக் கடைசியில் ஒரு தனிச் சிறுகோடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வழியாக வருவதை அது படிக்காது.

இதில் ஒரு பொறி உண்டு. டேப் எதுவும் இல்லாத வரியை 'கட்' வெட்டாமல் முழுதாக அனுப்பிவிடும். ஏட்டின் உச்சியில் 'சந்தாக் கணக்கு' என்று தலைப்பு ஒரு வரி இருந்தால், திரும்பிய அட்டவணையின் 14 வரிகளிலும் அதே தலைப்பு வந்து நிற்கும். தலைப்பு வரியை முன்பே நீக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது வழி 'ஆக்'. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கிய சிறு நிரல்மொழி இது. அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளான ஏ, டபள்யூ, கே மூன்றும் சேர்ந்ததே இதன் பெயர். மேலே சொன்ன சுற்று கோப்பை 14 முறை படிக்கிறது; ஆக் ஒரே முறை படிக்கிறது. ஒவ்வொரு வரி வரும்போதும் அதன் வரி எண்ணை என்ஆர் என்ற மாறியிலும், அந்த வரியில் எத்தனை கட்டங்கள் என்பதை என்எஃப் என்ற மாறியிலும் அது வைத்திருக்கும். நிரல் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு கட்டத்தையும் வரி எண், கட்ட எண் என்ற இரட்டை முகவரியில் சேமிக்க வேண்டும், இதுவரை கண்டதில் மிக அதிகமான என்எஃப் எது என்று நினைவில் கொள்ள வேண்டும், கோப்பு முடிந்ததும் எண்ட் பகுதியில் கட்ட எண்ணை வெளிச் சுற்றாகவும் வரி எண்ணை உள் சுற்றாகவும் வைத்து அச்சிட வேண்டும். மொத்தம் ஏழெட்டு வரிகளில் அடங்கிவிடும். முழு அட்டவணையும் நினைவகத்தில் ஏறும் என்பதால் லட்சக்கணக்கான நெடுவரிசைகள் உள்ள ஆய்வுத் தரவுக்கு அது திணறலாம். சங்க ஏட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மார்ச் மாதத்தில் வந்து உட்கார்ந்த ஏப்ரல் சந்தா

ஆக்கிடம் எதுவும் சொல்லாவிட்டால், வெற்றிடம் கண்ட இடமெல்லாம் கட்டம் முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளும். இடைவெளி ஒன்றானாலும் ஐந்தானாலும், இரண்டு டேப் அடுத்தடுத்து வந்தாலும், எல்லாம் ஒரே பிரிப்புதான். காலிக் கட்டம் என்பது இரண்டு டேப்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத இடம். ஆக்கின் கண்ணுக்கு அது தெரியாது.

17ஆம் எண் உறுப்பினர் மாதம் 10 ரிங்கிட் கட்டுபவர், மார்ச்சில் மட்டும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போட்ட அட்டவணையில் அவருடைய ஏப்ரல் சந்தா மார்ச்சுக்கு நகரும், மே சந்தா ஏப்ரலுக்கு நகரும். இப்படியே போய் டிசம்பர் காலியாகும். அவர் கட்டிய ஆண்டு மொத்தம் 110 ரிங்கிட், அது மாறாது. சங்கத்தின் ஆண்டு மொத்தமும் மாறாது. பொருளாளர் கூட்டிப் பார்த்துச் சரி என்றே கையெழுத்துப் போடுவார். தவறு மாதக் கணக்கில் மட்டும் ஒளிந்திருக்கும்.

பாக்கி வைத்தவருக்கு உதவித்தொகை இல்லை என்று விதி வைத்திருக்கும் சங்கத்தில் இது சிறிய விஷயமல்ல. உடல் நலமில்லாமல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கட்டாமல் விட்டு, செப்டம்பரிலிருந்து ஒழுங்காகக் கட்டிவந்த ஒருவர், திரும்பிய அட்டவணையில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் பாக்கி வைத்தவராகத் தெரிவார். ஜனவரியில் அவர் வீட்டில் சாவு விழுந்தால் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நம் பெயர்களும் இதே வலையில் விழும். ஏ/எல், ஏ/பி சேர்த்துத் தந்தை பெயரோடு எழுதினால் ஒரு பெயரில் குறைந்தது மூன்று சொற்கள். வெற்றிடத்தில் வெட்டும் ஆக், ஒரே ஆளை மூன்று கட்டங்களாகப் பிரித்து, சந்தாவை இரண்டு மாதம் தள்ளிவிடும். நான்கு சொல் பெயர்க்காரருக்கு மூன்று மாதம்.

தீர்வு சிறியது. மைனஸ் பெரிய எஃப் கொடுத்து, டேப் மட்டுமே பிரிப்புக்குறி என்று ஆக்கிடம் சொல்லிவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு டேப்பும் தனித்தனியே எண்ணப்படும், காலிக் கட்டம் தன் இடத்தில் இருக்கும், பெயரும் உடையாது. கட், பேஸ்ட் இரண்டும் இயல்பாகவே டேப்பைத்தான் பார்க்கின்றன என்பதால் அவற்றில் இந்தப் பிழை வராது. வெளியீட்டிலும் டேப்பையே பயன்படுத்த வேண்டும்.

க்னூ 'டேட்டாமேஷ்' என்ற கருவியை நிறுவிக்கொண்டால் நிரலே எழுத வேண்டாம். டிரான்ஸ்போஸ் என்ற ஒரு சொல் போதும். அதன் நல்ல குணம், கண்டிப்பு. எல்லா வரிகளிலும் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் எந்த வரியில் குறை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கணக்கு ஏட்டுக்கு இப்படி முரண்டு பிடிக்கும் கருவியே ஏற்றது.

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் எக்செல்லில் டேப் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். கூகள் ஷீட்ஸிலிருந்து டேப் பிரித்த கோப்பாக இறக்கினால் தமிழ் தப்பும். கட் ஆணையில் மைனஸ் சி போட்டு எழுத்துக்கணக்கில் வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கி' என்ற எழுத்துக்கே 6 பைட். பல லினக்ஸ் கணினிகளில் அந்த ஆணை பைட்டைத்தான் எண்ணுகிறது, எழுத்து பாதியில் உடையும்.

வேலை முடிந்ததும் திரும்பிய கோப்பை அதே நிரலால் இன்னொரு முறை திருப்பி, மூலக் கோப்போடு 'டிஃப்' ஆணையால் ஒப்பிடலாம். எதுவும் நகரவில்லை என்றால் டிஃப் எதுவும் சொல்லாது. காலிக் கட்டம் விழுங்கப்பட்டிருந்தால் அந்த வரிகளைக் காட்டிவிடும்.

இந்தச் சோதனையில் சிக்காத பிழை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று உண்டு. திருப்பும்போது அது டிசம்பர் வரியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டிக்கொள்ளும். திரையில் அந்த வரி மட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குழம்பித் தெரியும். மறுபடி திருப்பினால் குறி பழைய இடத்துக்கே போய்விடுவதால் டிஃப் வாய் திறக்காது. திருப்பத் தொடங்கும் முன்பே 'டாஸ்டுயூனிக்ஸ்' கருவியை மூலக் கோப்பின் நகலில் ஓட்டி அந்தக் குறியை நீக்கிவிட வேண்டும்.