நெருப்பில் பிறந்த குளிர்ச்சொல்

எளிதில் உணர்ச்சிவயப்படாதவரை ஆங்கிலத்தில் ‘ஃபிளெக்மாட்டிக்’ என்பர். குளிர்ந்த மனத்தைச் சுட்டும் இச்சொல்லின் வேர் நெருப்பில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஃபிளெகெய்ன்’ என்றால் எரித்தல். அதிலிருந்து பிறந்த ‘ஃபிளெக்மா’ ஹோமரின் இலியத்தில் தீயையே குறிக்கிறது. மருத்துவர் கையில் அது அழற்சியையும், பின்னர் உடலில் ஊறும் சளியையும் குறித்தது.

பொருள் தலைகீழானது அங்கேதான். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் ‘மனிதனின் இயல்பு’ என்னும் நூல் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்களைக் கூறுகிறது. தொட்டுப் பாருங்கள், இவற்றுள் சளியே மிகக் குளிர்ந்தது என்கிறது. குளிர்காலத்தில் அது மிகும் என்றும் சொல்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் இக்கொள்கையை விரித்தார். அவர் வழிவந்தோர், சளி மிகுந்தவரின் மனமும் குளிர்ந்து மந்தமாகும் என்று நம்பினர்.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. கிரேக்கம் கற்றோர் பிற்காலத்தில் எழுத்தைத் திருத்தினர். அதன் விளைவை மாணவர் இன்றும் அனுபவிக்கின்றனர்: பெயர்ச்சொல்லில் ககர ஒலி மறைந்திருக்கும், பெயரடையில் ஒலிக்கும். ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் ஒரு பணிப்பெண்ணை, சினந்திருப்பவரிடம் ‘இவ்வளவு ஃபிளெக்மாட்டிக் ஆகாதீர்’ என்ற பொருளில் பேசவைத்து அவையைச் சிரிக்கவைக்கிறார். எதிர்ச்சொல்லைக் கூறிவிட்டாள் என்பது அவையோருக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும்.

இச்சொல் பழிச்சொல்லாகவே நின்றுவிடவில்லை. 1798இல் வெளிவந்த மானிடவியல் நூலில் காண்ட் இக்குணத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று சோம்பல், மற்றொன்று விரைந்து கிளர்ந்தெழாமல், மெல்ல எழுந்து நெடிது நிற்கும் உறுதி. பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரின் பதறாமையை இதே சொல்லால் பாதி கேலியாகவும் பாதி வியப்பாகவும் குறிப்பர்.

1858இல் விர்கோ, நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று நிறுவும் நூலை வெளியிட்டார். நால்நீர்மக் கொள்கை மருத்துவத்திலிருந்து மறைந்தது. ஆளைக் கணிக்கும் சொல் மட்டும் எஞ்சியது.

இதைத் தமிழாக்குவது எப்படி? சித்த மருத்துவமும் ஐயத்தைக் குளிர்ச்சியோடு சேர்த்தே எண்ணுவதால் ‘கபக்குணத்தார்’ எனத் தோன்றும். மாணவரோ அதைச் சளித்தொல்லை என்றே கொள்வர். ‘கல்நெஞ்சர்’ என்பது பெரும்பிழை. இரக்கமின்மை இச்சொல்லில் இல்லை. உணர்ச்சி வெளிப்படாமையும் கிளர்ச்சிக்கு ஆகும் தாமதமுமே உண்டு. புயலில் சுக்கான் பிடித்தவரைச் சொன்னால் ‘பதறாதவர்’. வீடு தீப்பற்றியும் நாற்காலியை விட்டெழாதவரைச் சொன்னால் ‘மந்தர்’.