ஜெராய் மலையும் கடாரமும்

கெடா மாநிலத்தின் மேற்குக் கரையில், நெல்வயல்களுக்கு நடுவே 1,217 மீட்டர் உயரத்திற்குத் தனித்து எழுந்து நிற்பது ஜெராய் மலை. இன்று மலையேறுவோர் அருவியையும் குளிர்காற்றையும் நாடி அங்குச் செல்கின்றனர். வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டைய மாலுமிகளுக்கோ கரை நெருங்கியதை உணர்த்திய அடையாளம் அது.

கடாரம் என்றவுடன் நம் வகுப்பறைகளில் 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் நடத்திய படையெடுப்பே முதலில் பேசப்படுகிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கடாரத்தரசன் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராஜராஜன் அளித்ததைப் பெரிய லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. இச்செய்தி பாடங்களில் பெறும் இடம் மிகக் குறைவு என்பதே நம் கருத்து.

இம்மலையின் தென்புறத்தில் விரிவது பூஜாங் பள்ளத்தாக்கு. அங்குள்ள கோயிற் சிதைவுகளை மலாய் மொழியில் சண்டி என்பர். சமவெளியில் செங்கல்லும் செம்பூராங்கல்லும் கட்டுமானத்திற்குப் பயன்பட்டன; மலைச்சரிவிலோ கருங்கல்லே கைக்கெட்டும் பொருள். ஓடைக்கரையில் அமைந்த புக்கிட் பத்து பஹாட் சண்டி அக்கல்லால் ஆனது. மலாயில் 'பத்து பஹாட்' என்பதற்கே செதுக்கிய கல் என்று பொருள். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ந்த இச்சண்டி, 1960-ஐ ஒட்டி மீட்டுக் கட்டப்பட்டது. கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் இதில் உண்டு. மண்டபத்திலோ தூண்களைத் தாங்கிய கல்லடிகளே எஞ்சின. தூண்களும் கூரையும் மரத்தால் ஆகியிருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர். ஆகவே, இதனைத் தமிழகக் கோயிலின் நேர்ப்படி என மாணவருக்குக் கூறுவது பொருந்தாது. காட்டு மரத்தையும் ஆற்றுக் கல்லையும் அறிந்த உள்ளூர்க் கைகளின் பங்கு அதில் தெளிவாக உள்ளது.

சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வுகள் இரும்புருக்கு உலைகளின் எச்சங்களையும் துருத்திக் குழாய்களையும் வெளிக்கொணர்ந்தன. அவற்றின் தொடக்கக் காலம் குறித்து ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. எனினும், உலைகளுக்குக் கரி தந்தது காடே. ஆதலின் அன்றைய காட்டின் வரலாறு மனிதரின் வரலாற்றோடு பிணைந்ததாகும்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில், நிலமேம்பாட்டுப் பணிக்காகப் பதினொன்றாம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆயின் அச்சண்டி அதன்கீழ் அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.